மலை தேஞ்சுக்கிட்டே இருக்குன்னா பூமி ஏன் இன்னும் தட்டையாகல?

நீங்க கேட்டது இதுதான்: மழை, ஆறு, காத்து, பனி எல்லாம் சேர்ந்து கோடிக்கணக்கான வருஷமா நிலத்த அரிச்சுக்கிட்டே இருக்குன்னு ஸ்கூல்ல படிச்சோம், அது உண்மைன்னா இந்நேரம் மலைன்னு ஒண்ணு இருக்கவே கூடாதே, எப்படி இருக்கு, அதோட இதுல எதுதான் ரொம்ப அரிக்குது, கடைசில எப்பவாவது பூமி தட்டையாகுமா. மூணு கேள்வியா தெரிஞ்சாலும் அடில இருக்கிறது ஒண்ணுதான், நிலம் அரிபடுற வேகமும் எழும்புற வேகமும் ஒண்ணுக்கொண்ணு எப்படி நிக்குதுங்கறது. நான் நிலவியல் படிச்சுட்டு, ஆத்து மணல லேப்ல பிரிச்சு அந்த மணல் வந்த மலை எவ்வளவு வேகமா கரையுதுன்னு கணக்கு பண்ற வேலைல பல வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல உங்க சந்தேகம் ரொம்ப நியாயமானதுங்கறத ஒரு கணக்குல காட்டிடறேன். உலகத்து ஆறுகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு சுமார் 1,500ல இருந்து 2,000 கோடி டன் வரைக்கும் மண்ணையும் வண்டலையும் கடலுக்கு கொண்டு போகுது, அது போக தண்ணில கரைஞ்சு கண்ணுக்கு தெரியாம போற உப்பு, சுண்ணாம்பு, சிலிக்கா எல்லாம் ஒரு 400 கோடி டன். பெரிய எண்ணையே எடுத்துக்கிட்டு அத பாறையா மாத்தி பூமியோட மொத்த நிலப்பரப்புக்கும் (சுமார் 14.9 கோடி சதுர கிலோமீட்டர்) பரப்பினா வருஷத்துக்கு 0.06 மில்லிமீட்டர் வருது. பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. ஆனா நிலத்தோட சராசரி உயரம் கடல் மட்டத்துல இருந்து 840 மீட்டர் தான், அத 0.06 மில்லிமீட்டரால வகுத்தா 1.4 கோடி வருஷத்துல எல்லாம் கடல் மட்டத்துக்கு வந்திரணும். பூமியோட வயசு 454 கோடி வருஷம். அதாவது முன்னூறு தடவைக்கு மேல தட்டையாகி இருக்கணும்.

இதுல பலபேருக்கு சொல்லப்படாத விஷயம் என்னன்னா, பூமி உண்மையிலேயே தட்டையாகியிருக்கு, ஆனா மொத்தமா ஒரே நேரத்துல இல்ல, துண்டு துண்டா, வேற வேற காலத்துல, திரும்பத் திரும்ப. கனடாவோட நடுவுல லட்சக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய சமதளமா கிடக்குற பழைய பாறைகள எடுத்துப் பாத்தீங்கன்னா, அதுல நிறைய, 20, 30 கிலோமீட்டர் ஆழத்துல இருக்குற அழுத்தத்துலயும் சூட்டுலயும் மட்டுமே உருவாகக் கூடிய பாறை, அது இன்னைக்கு காலுக்கு அடில இருக்குன்னா அதுக்கு மேல இருந்த அத்தனை கிலோமீட்டரும் எங்கயோ போயிடுச்சுன்னு அர்த்தம், அங்க ஒரு காலத்துல பெரிய மலைத்தொடர்கள் நின்னிருக்கு. ஸ்காட்லாந்து கடற்கரைல சிக்கார் பாயின்ட்னு ஒரு இடம், 1788ல ஜேம்ஸ் ஹட்டன்ங்கற ஸ்காட்லாந்து நிலவியலாளர் அத பாத்தார். கீழ இருக்குற பாறை அடுக்கு எல்லாம் செங்குத்தா நிக்குது, அதோட மேல்முனைகள் அரிச்சு வெட்டின மாதிரி இருக்கு, அதுக்கு மேல சிவப்பு மணற்பாறை லேசா சாஞ்ச மாதிரி படிஞ்சிருக்கு. கடல் அடில படிஞ்சது மடிஞ்சு நிமிர்ந்து மலையாகி, அந்த மலை அரிஞ்சு போய், அந்த வெட்டு மேல புதுசா மணல் படிஞ்சு பாறையாகி, அதுவும் எழும்பி இன்னைக்கு மறுபடி அலை அரிச்சுக்கிட்டு இருக்கு. கீழ் அடுக்குக்கும் மேல் அடுக்குக்கும் நடுவுல ஆறு கோடி வருஷத்துக்கு மேல இடைவெளி. ஹட்டனுக்கு இந்த எண் தெரியாது, ஆனா காலம் மனுஷ கணக்குக்கு அடங்காததுன்னு அந்த ஒரு பாறைய பாத்தே புரிஞ்சுக்கிட்டார். நாம இன்னைக்கு பாக்குற மலைகள் எல்லாம் இப்போதைக்கு எழும்புறது ஜெயிச்சுக்கிட்டு இருக்குற இடங்கள், இல்லன்னா தோத்தும் இன்னும் முழுசா அரிஞ்சு முடியாத இடங்கள்.

சரி, எழும்புறது எப்படி. இதுல ரெண்டு வேலை நடக்குது. ஒண்ணு, அரிக்கிறதே நிலத்த மேல தூக்கும். கேக்க தலைகீழா இருக்கும், ஆனா இது சந்தேகமே இல்லாத விஷயம். கண்டங்களோட பாறை அடர்த்தி தண்ணியோடத விட 2.7 மடங்கு சுமார், அதுக்கு கீழ ஆழத்துல இருக்குற மேன்ட்டில்ங்கற பாறை அடுக்கு 3.3 மடங்கு, அதனால கண்டம் மேன்ட்டில் மேல மிதக்குது, சரக்க இறக்கினா படகு கொஞ்சம் மேல வர்ற மாதிரி 1,000 மீட்டர் பாறைய அரிச்சு எடுத்தா கீழ இருந்து 800 மீட்டர் போல எழும்பி வந்திரும், நிகரமா உயரம் குறையறது 200 மீட்டர் தான். அப்போ நான் மேல சொன்ன 1.4 கோடி வருஷம் ஏழு எட்டு கோடி வருஷமா நீளுது. இது வெறும் தியரி இல்ல, பனியுகத்துல ஸ்காண்டிநேவியா மேல ரெண்டு மூணு கிலோமீட்டர் தடிமனுக்கு பனி உக்காந்திருந்துச்சு, அது உருகி பத்தாயிரம் வருஷம் போல ஆகியும் ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவுல இருக்குற வளைகுடாவோட வடபக்கக் கரை இன்னும் வருஷத்துக்கு 1 சென்டிமீட்டர் கிட்ட எழும்பிக்கிட்டே இருக்கு, ஜிபிஎஸ் வச்சு அளக்கறாங்க.

ஆனா இது தள்ளிப் போடத்தான் உதவும், புதுசா மலைய கொடுக்காது. அதுக்கு டெக்டானிக் பிளேட், அதாவது பூமியோட மேல் ஓடு பிரிஞ்சிருக்குற பெரிய பெரிய தட்டுகள், நகரணும். இந்தியத் தட்டு ஆசியாவோட மோதி ஏறக்குறைய 5 கோடி வருஷம் ஆச்சு, இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கு, எவரெஸ்ட் உச்சில இருக்குறது கடலடில படிஞ்ச சுண்ணாம்புப் பாறை. அங்க இருந்து அரிஞ்ச பாறை எங்க போச்சுன்னு கேட்டீங்கன்னா வங்காள விரிகுடா அடில இருக்கு, கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டு வந்து கொட்டின வண்டல் அங்க சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறி மாதிரி பரவி, வடக்கு முனைல 10 கிலோமீட்டருக்கு மேல தடிமனா கிடக்குது. இமயமலைல இப்ப நிக்கிறத மட்டும் பாத்து அதுதான் மலைன்னு நினைக்காதீங்க, மலைல பெரும் பங்கு ஏற்கனவே கடலுக்குள்ள போயாச்சு.

இப்ப எது ரொம்ப அரிக்குதுங்கறதுக்கு வர்றேன். பதில் தண்ணியும் புவியீர்ப்பும், மத்தது எல்லாம் இதுக்கு ரொம்ப பின்னாடி. ஆனா அதுக்கு முன்னாடி பாறை உடையணும், கெட்டியான கிரானைட்ட ஆறு சும்மா தூக்கிட்டுப் போக முடியாது. மழைத்தண்ணி காத்துல இருந்தும் மண்ணுல இருந்தும் கார்பன் டை ஆக்சைட எடுத்து லேசான அமிலமாகி கிரானைட்ல இருக்குற ஃபெல்ஸ்பார்ங்கற கனிமத்த களிமண்ணா மாத்திடும், குவார்ட்ஸ்ங்கற கனிமம் மட்டும் கரையாம உதிர்ந்து மணலாகும், சூடும் ஈரமும் அதிகமா இருக்குற இடத்துல பாறை பத்து இருபது மீட்டர் ஆழம் வரைக்கும் மக்கிப் போய், பாக்க பாறை மாதிரியே இருக்கும், கைல நசுக்கினா பொடியாகும். குளிர் மலைகள்ல இந்த வேலைய பனிக்கட்டி செய்யுது. தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் விரியும் அதனால பாறை பிளக்குதுன்னு புத்தகத்துல இருக்கும், அது தப்பில்ல ஆனா அரைகுறை, உண்மைல அதிகமா பிளக்குறது சுமார் மைனஸ் 3ல இருந்து மைனஸ் 8 டிகிரி வரைக்குமான குளிர்ல, விரிசலுக்குள்ள ஏற்கனவே இருக்குற பனிக்கட்டி சுத்தி இருக்குற மெல்லிய ஈரத்த தன் பக்கம் இழுத்து இழுத்து வளர்றதால தான். அதனால வெப்பநிலை பூஜ்யத்த எத்தன தடவ தாண்டுச்சுன்னு எண்ணுறத விட, அந்த குளிர் வரம்புல எவ்வளவு நேரம் இருந்துச்சு, பக்கத்துல தண்ணி கிடைச்சுதாங்கறது தான் முக்கியம்.

உடைஞ்சது ஆத்துக்கு வந்தப்புறம் நடக்கிறது தான் எனக்கு எப்பவும் ரொம்பப் பிடிச்ச பகுதி. தண்ணி தான் பாறைய வெட்டுதுன்னு எல்லாரும் சொல்வோம், ஆனா கல்லும் மணலும் இல்லாத தெளிஞ்ச தண்ணி கெட்டிப் பாறைய வெட்டறது ரொம்ப ரொம்ப குறைவு, ஆறு சுமந்துட்டு வர்ற கல்லு அடில மோதி மோதித் தான் வெட்டுது, பாறைல ஏற்கனவே விரிசல் இருந்தா வெள்ளம் துண்டு துண்டா பிடுங்கிட்டும் போகும். அப்போ கல்லு அதிகமா இருந்தா அதிகமா வெட்டுமான்னா, ஒரு அளவு வரைக்கும் தான். அதுக்கு மேல போனா கல்லும் மணலும் ஆத்தோட அடிப்பாறைய மூடிடும், மோதற கல்லு கல்லு மேலயே மோதும், பாறை பாதுகாப்பா கீழ இருக்கும். குரோவ் கார்ல் கில்பர்ட்ங்கற அமெரிக்க நிலவியலாளர் 1877லயே இத யூட்டா மலைகளப் பத்தின அறிக்கைல எழுதிட்டார், 2001ல ஸ்க்லார், டீட்ரிக்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் பாறை வட்டத்து மேல தண்ணியையும் கல்லையும் சுழல விட்டு லேப்ல அளந்தே காட்டினாங்க, கல்லு கம்மின்னாலும் வெட்டு கம்மி, ரொம்ப ஜாஸ்தின்னாலும் கம்மி, நடுவுல தான் உச்சம். ஒரே அளவு தண்ணி ஓடுற ரெண்டு ஆறு ஏன் வேற வேற வேகத்துல பள்ளம் பறிக்குதுன்னு கேட்டா முதல்ல பாக்க வேண்டியது இதத்தான்.

ஆனா ஆறு வெட்டறது தன் அகலத்துக்கு மட்டும் தானே, அப்படின்னா எல்லா பள்ளத்தாக்கும் குறுகலான சந்து மாதிரி இருந்திருக்கணும். பக்கத்து சரிவுகள இறக்குறது புவியீர்ப்பு. ஆறு அடிய வெட்ட வெட்ட சரிவு செங்குத்தாகும், ஒரு கோணம் தாண்டினதும் பாறையால தன்னைத் தாங்க முடியாது, சரிஞ்சிரும். பாகிஸ்தான்ல நங்க பர்பத் மலைய ஒட்டி சிந்து நதி ஓடுற பகுதில 1996ல அளந்தப்போ, ஆறு வேகமா வெட்டுற இடத்துலயும் மெதுவா வெட்டுற இடத்துலயும் சரிவோட சராசரி கோணம் ஏறக்குறைய ஒண்ணாவே, 30 டிகிரிக்கு கொஞ்சம் மேல இருந்துச்சு. அதாவது வேகமா எழும்புற மலை இன்னும் செங்குத்தாகாம, இன்னும் அடிக்கடி சரியுது. இந்த மாதிரி மலைகள்ல ஆத்துக்கு வர்ற மண்ணுல பெரும் பங்கு நிலச்சரிவுல இருந்து தான் வருது, அதுவும் தினம் கொஞ்சம் கொஞ்சமா வராது, ஒரு நிலநடுக்கம், ஒரு பெரும் புயல், மூணு நாள்ல பல வருஷத்து வேலை முடிஞ்சிரும். 2009ல மோராகாட் சூறாவளி தைவான் மலைகள்ல மூணு நாலு நாள்ல 2,500 மில்லிமீட்டருக்கு மேல மழைய கொட்டுச்சு, மலைச்சரிவுகள் அப்படியே கழண்டு ஆத்துக்குள்ள வந்துச்சு. தைவான் உலக நிலப்பரப்புல 0.024 சதவீதம் தான், ஆனா கடலுக்குப் போற வண்டல்ல கிட்டத்தட்ட 2 சதவீதம் அங்க இருந்து போகுதுன்னு கணக்கு. 'சராசரியா வருஷத்துக்கு இத்தனை மில்லிமீட்டர்'னு எங்கயாவது படிச்சீங்கன்னா, அந்த சராசரி மாதிரி ஒரு வருஷம் அங்க வராமலே கூட இருந்திருக்கலாம்ங்கறத மனசுல வச்சுக்கங்க.

காத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா பாடப் புத்தகங்கள் அதுக்கு கொடுக்குற இடம் ரொம்ப ஜாஸ்தி. காத்து மணல தூக்கிட்டுப் போகும், தூசிய கண்டம் தாண்டி கொண்டு போகும் (சாட் நாட்டு போடேலே பள்ளத்து தூசி அட்லாண்டிக்கத் தாண்டி அமேசான் காடு வரைக்கும் போகுது), சீனாவோட லோயஸ் பீடபூமில நூறு மீட்டருக்கு மேல தடிமனா காத்து கொண்டு வந்த மண்ணு தான் கிடக்கு. அதெல்லாம் சரி. ஆனா கெட்டிப் பாறைய வெட்டி நிலத்த உருவாக்குறதுல அதோட பங்கு சின்னது, பாலைவனத்துல இருக்குற பள்ளத்தாக்குகளையே பெரும்பாலும் எப்பவாவது வர்ற வெள்ளம் தான் வெட்டியிருக்கு. காளான் மாதிரி நிக்கிற பாறைய காத்து தான் செதுக்குச்சுன்னு சொல்றதுலயும் நிறைய இடத்துல அடிப்பக்கம் தங்குற ஈரமும் உப்பும் தான் பாதி வேலைக்கு மேல செய்யுது. கடல் அலையும் மொத்தக் கணக்குல சின்னப் பங்கு தான், ஆனா அந்தந்த இடத்துல கண்ணு முன்னாடி நடக்கும், இங்கிலாந்தோட ஹோல்டர்னஸ் கரை மென்மையான பனியாத்துக் களிமண், வருஷத்துக்கு ஒன்றரை ரெண்டு மீட்டர் பின்வாங்குது.

பனியாறு வேற ரகம், அது அரிக்கவும் செய்யும் பாதுகாக்கவும் செய்யும். அடில உருகுற அளவு சூடு இருந்தா வழுக்கிக்கிட்டே கீழ இருக்குற பாறைய பிடுங்கி அரைச்சுக்கிட்டு போகும், நார்வேல சோக்னெ ஃபியோர்டுங்கற, கடல் புகுந்த பள்ளத்தாக்கு கடல் மட்டத்துக்கு கீழயே 1,300 மீட்டர் ஆழம், அத வெட்டினது பெரும்பாலும் பனி. ஆனா அடிப்பக்கம் பாறையோட உறைஞ்சு ஒட்டிக்கிட்டா கிட்டத்தட்ட ஒண்ணுமே பண்ணாது, வடக்கு ஸ்வீடன்ல பல பனியுகம் பனிக்கு அடில கிடந்தும் பழைய பாறைக் குன்றுகள் கலையாம நிக்குது.

இந்த வேகம் எல்லாம் எப்படி தெரியும்னு கேக்கறவங்களுக்கு நான் பண்ற வேலையவே சொல்றேன். விண்வெளில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் குவார்ட்ஸ்ல இருக்குற ஆக்சிஜன் அணுவ உடைச்சு பெரிலியம்-10ங்கற அபூர்வமான அணுவ உண்டாக்கும், கடல் மட்டத்துல ஒரு கிராம் குவார்ட்ஸ்ல வருஷத்துக்கு நாலு அணு போல. ஆழம் போகப் போக இது சட்டுனு குறையும், பாறைல 60 சென்டிமீட்டர் கீழ போனா மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல தான் இருக்கும். அதனால மெதுவா அரியற பாறை மேற்பரப்புகிட்ட ரொம்ப காலம் கிடந்து நிறைய பெரிலியம் சேர்க்கும், வேகமா அரிஞ்சா சேர்க்க நேரமே கிடைக்காது. ஆத்துல ஒரு பிடி மணல் எடுத்தா அந்த ஆத்துக்கு மேல இருக்குற மொத்த நிலத்தோட சராசரி அதுல இருக்கும், அமிலத்துல மத்த கனிமத்த எல்லாம் கரைச்சு சுத்தமான குவார்ட்ஸ எடுத்து, ஆக்சிலரேட்டர்ல அணுக்கள எண்ணணும். இதுல தெரிஞ்சது என்னன்னா வேகம் இடத்துக்கு இடம் ஆயிரம் மடங்குக்கு மேல மாறுது: தைவான்ல வருஷத்துக்கு 3ல இருந்து 6 மில்லிமீட்டர், அண்டார்டிகாவோட வறண்ட பள்ளத்தாக்குகள்லயும் ஆஸ்திரேலியாவோட சில பாறைப் பரப்புகள்லயும் பத்து லட்சம் வருஷத்துக்கு ஒரு மீட்டர் கூட இல்ல. இந்த முறைக்கும் வரம்பு இருக்கு. இது தர்றது பல ஆயிரம் வருஷத்து சராசரி, போன நூறு வருஷத்துல என்ன ஆச்சுன்னு இதால சொல்ல முடியாது, அதோட ஒரு பெரிய நிலச்சரிவு ஆழத்துல இருந்து பெரிலியமே இல்லாத பாறைய ஆத்துல கொட்டிட்டா கணக்கு நிஜத்த விட ரொம்ப வேகமா காட்டும். அந்த மாதிரி மணல்ல வர்ற எண்ண நான் தனியா எடுத்து நம்ப மாட்டேன்.

உறுதியா தெரியாத இடங்களையும் சொல்லிடறேன். கடைசி சில பத்து லட்சம் வருஷமா, பனியுகங்கள் தொடங்கினதுல இருந்து, உலகம் முழுக்க அரிப்பு வேகமாயிடுச்சான்னு முப்பது வருஷத்துக்கு மேல சண்டை நடக்குது. கடலடி வண்டல் தடிமன பாத்தவங்க ஆமாங்கறாங்க, 2010ல கடல்ல இருக்குற பெரிலியம் ஐசோடோப்புகள (ஒரே தனிமத்தோட வேற வேற எடை உள்ள அணுக்கள) வச்சு பாத்தவங்க பெருசா மாற்றமே இல்லங்கறாங்க. இதுல ஒரு பொறி இருக்கு, 1981ல பீட்டர் சேட்லர்ங்கற நிலவியலாளர் காட்டினது: வண்டல் படியற வேகத்த நீங்க எவ்வளவு குறுகிய காலத்துக்கு அளக்கறீங்களோ அவ்வளவு வேகமா தெரியும், நீண்ட காலத்துக்கு அளந்தா ஒண்ணுமே படியாத இடைவெளிகளும் உள்ள வந்து சராசரிய இறக்கிடும், அதனால சமீப காலம் எப்பவுமே வேகமா இருந்த மாதிரி தோணும். நான் கொஞ்சம் இந்த சந்தேகப்படறவங்க பக்கம் தான் சாய்வேன், ஆனா முடிஞ்ச விஷயம் இல்ல. நிலநடுக்கம் மலைய உயர்த்துதா குறைக்குதாங்கறதும் அப்படித்தான். சீனால 2008 வென்சுவான் நிலநடுக்கத்துல நிலம் எழும்பின கன அளவு 2.6 கன கிலோமீட்டர் போல, சரிஞ்சது 5ல இருந்து 15 கன கிலோமீட்டர், அதனால அந்த நடுக்கம் மலைய குறைச்சிடுச்சுன்னு 2011ல எழுதினாங்க, அப்புறம் இன்னும் கவனமா அளந்தப்போ சரிஞ்சது 3 கன கிலோமீட்டருக்கு பக்கம் தான், ரெண்டும் ஏறக்குறைய சமம்னு வந்துச்சு. அமெரிக்காவோட அப்பலாச்சியன் மலைகள எழுப்பின மோதல் முடிஞ்சு 25 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, அது ஏன் இன்னும் 2,000 மீட்டர் உயரம் வரைக்கும் நிக்குதுங்கறதுக்கு மிதக்குறது மட்டும் போதுமா, கீழ மேன்ட்டில்ல வேற ஏதாவது நடந்துச்சாங்கறதுக்கும் எல்லாரும் ஒத்துக்கிட்ட பதில் கிடையாது.

மனுஷங்கள விட்டுட்டு இந்த பதில முடிச்சா அது பாதி பதில் தான். இன்னைக்கு உலகத்துல எல்லா ஆறும் சேர்ந்து நகர்த்துறத விட நாம நகர்த்துற மண்ணும் கல்லும் அதிகம், எத்தனை மடங்குங்கறதுல தான் கணக்குகள் மாறுது. உழுத நிலத்துல மண்ணு போற வேகம், அந்த மண்ணு பாறைல இருந்து புதுசா உருவாகுற வேகத்த விட பத்துல இருந்து நூறு மடங்கு. ஆனா அந்த மண்ணு கடலுக்கும் போய்ச் சேரல, அணைகள் பிடிச்சு வச்சிருது, சீனாவோட மஞ்சள் ஆறு ஒரு காலத்துல வருஷத்துக்கு 160 கோடி டன் வண்டல் கொண்டு போச்சு, அணையும் மலைச்சரிவுல போட்ட படிக்கட்டு வயலும் மரம் நட்டதும் சேர்ந்து இப்ப அது 30 கோடி டன்னுக்கு கீழ வந்துருச்சு. மேல நிலம் வேகமா மண்ண இழக்குது, கீழ டெல்டாவுக்கு மண்ணு வராம கடல் உள்ள வருது, ரெண்டும் ஒரே நேரத்துல. என்னைக் கேட்டா மலை எப்ப தட்டையாகும்ங்கறத விட கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான்.

எப்பவாவது முழுசா தட்டையாகுமான்னா, பிளேட்டுகள நகர்த்துறது பூமிக்குள்ள இருக்குற சூடு, இப்ப உள்ள இருந்து வெளிய வர்றது சுமார் 4,700 கோடி கிலோவாட், அதுல கணிசமான பங்கு யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தோட கதிரியக்கத்துல இருந்து வருது, அது இன்னும் ரொம்ப காலம் தீராது. இன்னொரு பக்கம் சூரியன் நூறு கோடி வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம் பிரகாசமாகிக்கிட்டே போகுது, அது உறுதி, அதனால நூறு கோடி வருஷத்துக்கு அக்கம் பக்கத்துல கடல் ஆவியாகிடும்ங்கறது மாடல் கணக்கு, அந்தத் தேதிய ரொம்ப கெட்டியா பிடிச்சுக்க வேண்டாம். அப்படி நடந்தா மலைய எழுப்புற வேலை நிக்கிறதுக்கு முன்னாடியே மழையும் ஆறும் நின்னுடும். செவ்வாய்ல மழையும் ஆறும் இல்லாததால தான் 20 கிலோமீட்டருக்கு மேல உயரமான ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலை அரிக்க ஆளில்லாம நிக்குது.